எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றினேன்

1

போன வெள்ளிக்கிழமை எனக்குச் சட்டையில் குத்திக்கொள்கிற பதக்கம் மாதிரி ஒரு பின் கொடுத்தார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இந்தப் பள்ளி மாவட்டத்தில் ஐந்து வருஷம் தாக்குப்பிடித்துவிட்டேன் என்பதற்கு அடையாளம். மதியச் சாப்பாட்டோடு சின்னதாக ஒரு விழா. என் முறை வந்தபோது மைக் பிடித்தவர், "நமக்காக மழைப் பூசை செய்த ராணி" என்று சொல்லிக் கூப்பிட்டார். கூடமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு ஆத்திரம் தாங்கவில்லை. நான் எந்தப் பூசையும் செய்யவில்லை. எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் வந்த முதல் வருஷமே என் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தார்கள். இங்கே யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல முடியவில்லை. கோவில்பட்டிப் பக்கம் மோட்டார் ரூம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

பள்ளி மாவட்டம் என்றால் நம் ஊர் மாவட்டம் இல்லை. டெக்சாஸில் இது மாதிரிச் சின்ன நகரத்தையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து, அதிலுள்ள அரசுப் பள்ளிகளை ஒரே நிர்வாகம் பார்க்கும். அந்தப் பள்ளிகளின் கம்ப்யூட்டர், பிரிண்டர், இணைப்புக் கேபிள் எல்லாவற்றையும் ஓடவைக்கிற பிரிவில் நான் இருக்கிறேன். ஒரு வெள்ளை வேன் கொடுத்திருக்கிறார்கள். ஏணி, திருப்புளி, கேபிள் சுருள் எல்லாம் அதற்குள் கிடக்கும். ஊருக்குப் போன் பண்ணினால் "ஆபீஸ்ல ஏசி உண்டுல்லா?" என்று கேட்கிறார்கள். உண்டு. ஆனால் நான் பாதி நாள் மேசைக்கு அடியில்தான் இருப்பேன்.

2

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கிற வேலை பார்த்தேன். எட்டயபுரத்தில் பஸ் மாறி வருவேன். ஜவுளிக்கடைக்கு மேலே, மாடியில் சென்டர். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கரிசல் மண் ஒட்டிய செருப்போடு ஏசி ரூமுக்குள் வந்தால் சென்டர் நடத்தின அண்ணாச்சிக்குக் கண்ணில் ரத்தம் வந்துவிடும்.

சித்திரை பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் கடிக்க ஆரம்பிக்கும். பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். நடுவிலே தானாக நின்றுபோகும். பிள்ளைகள் ஈரக்கையோடு தொடுவதால்தான் என்றார் அண்ணாச்சி. புதிதாக ஸ்டெபிலைசர் வாங்கினார். அதற்கும் அடங்காததால் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டி, மானிட்டர் ஒவ்வொன்றுக்கும் திருநீறு பூசி, ஒரு ஐயரைக் கூப்பிட்டு மணி அடிக்கவைத்தார். பூசை என்றால் அதுதான் பூசை. மறுநாளும் கம்ப்யூட்டர் கடித்தது.

என்னோடு வேலை பார்த்த பேச்சியம்மாள்தான் ஒருநாள் சுவரோரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏட்டி, எர்த்துக் குழியப் பாத்தியா? வெடிச்சுப் போய்க் கெடக்கு. எங்க ஐயா மோட்டார் ரூம்ல கோடையில தெனம் ஒரு கொடம் ஊத்துதாவ. இங்கன யாரு ஊத்துதா?"

அவள் சொன்ன பிறகு எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாருக்கும் அதையேதான் செய்வோம். கரிசல் மண் காய்ந்தால் சுருங்கும். பாளம் பாளமாக வெடிக்கும். அதில் புதைத்த கம்பியை மண் கைவிட்டுவிடும். கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் பெட்டியிலேயே நின்று, தொடுகிறவனைப் பிடிக்கும். கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் மண் திரும்பக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மாடி ஏறி ஏசி ரூமில் உட்கார்ந்ததும் அது எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அன்று முதல் எங்கள் இருவருக்கும் முறை. தண்ணீர்தான் பாடு. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெருவே குடத்தை வரிசை போட்டுக் காத்திருக்கிற ஊர் அது. "குடிக்கத் தண்ணியக் காணும், இதுக மண்ணுக்கு ஊத்துதுக" என்று பக்கத்து வீட்டு அம்மா வசையை வாரி இறைப்பாள். கடைசியில் எதிர் மெஸ்ஸில் அரிசி கழுவிய தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றினோம். அந்தக் கோடையில் ஒரு கம்ப்யூட்டரும் கடிக்கவில்லை. அண்ணாச்சி கடைசிவரை எலுமிச்சம்பழத்துக்குத்தான் பேர் கொடுத்தார்.

3

டெக்சாஸுக்கு வந்து முதல் மழையில் காரிலிருந்து இறங்கி ரெண்டு எட்டு வைத்தேன். ஷூ கனத்தது. குனிந்து பார்த்தால் அடியில் அப்பிக்கொண்டிருந்தது நம்முடைய கரிசல். அதே கறுப்பு, அதே பசை. சுற்றிலும் பருத்திக் காடு. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். இவ்வளவு தூரம் வந்தும் இதையா மிதிக்க வேண்டும் என்றுதான் எரிச்சல் வந்தது.

வந்த கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஆளைக் குறைத்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. எனக்கு இந்தப் பள்ளி மாவட்டத்தில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. விசா, வாடகை, மகள் கனகாவின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒப்பந்தத்தில் தொங்கின. ஒப்பந்தம் நீடிக்குமா என்பது ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது தெரியும் என்றார்கள்.

கனகா அப்போது ஏழாம் வகுப்பு. அவள் படித்த பள்ளியும் என் பொறுப்பில் இருந்தது. அதன் பின்னால் தனியாக ஒரு சிறு கட்டடம் உண்டு. புதிதாக நாட்டுக்கு வந்து இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகளுக்கான வகுப்பும் கம்ப்யூட்டர் அறையும் அங்கே. பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மெயின் கட்டடத்திலிருந்து அங்கே ஒரு செப்புக் கேபிள் போகிறது. அந்தக் கோடையில் அந்தக் கேபிளின் முனையில் மாட்டிய எதுவும் பிழைக்கவில்லை. கம்ப்யூட்டரைக் கேபிளோடு இணைக்கிற நெட்வொர்க் கார்டுகள் கருகின. மாற்றினேன். திரும்பவும் கருகின.

என் மேலதிகாரி கறாராகச் சொன்னார். "மூன்றாவது தடவையும் போனால் அந்த அறையை மூடிவிடுவோம். உன்னால் சரிசெய்ய முடியவில்லை என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும்."

அந்தக் கட்டடத்தைச் சுற்றி வந்தேன். பின்சுவரை ஒட்டி எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்குகிற இடத்தைத் தேடிப் பிடித்தேன். மாதக்கணக்கில் மழையில்லாமல் தரை பிளந்து கிடந்தது. கம்பியைச் சுற்றி என் விரல் நுழைகிற அளவு இடைவெளி. ஒரு கட்டடத்துக்கு நல்ல எர்த், இன்னொன்றுக்கு எர்த்தே இல்லை. நடுவில் கேபிள்; இறங்க இடமில்லாத கரண்ட் அதன் வழியாகத்தான் அந்தப்பக்கம் ஓடும். கார்டு கருகாமல் என்ன செய்யும்?

கரண்ட் சம்பந்தப்பட்டதை நாங்கள் தொடக்கூடாது. அதற்குக் கட்டடப் பராமரிப்புப் பிரிவு இருக்கிறது. அவர்களுக்கு எழுதினேன். பதில் வந்தது. உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது, குளிர்கால விடுமுறையில் எடுத்துக்கொள்ளப்படும். அதாவது டிசம்பரில். பள்ளி திறக்க இருந்ததோ பத்து நாளில். கம்பியைத் தொட்டால்தானே அவர்கள் வேலை, மண்ணை நனைக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன்.

4

மறுநாள் காலையில் வீட்டிலிருந்து எவர்சில்வர் குடத்தை எடுத்துப்போனேன். பள்ளிக்கூடத்துக் குழாயில் பிடித்து ஊற்றினேன். முந்தின நாள் கடையில் உப்பும், இறைச்சி சுடுவதற்கு விற்கிற அடுப்புக்கரியும் வாங்கியிருந்தேன். கரியை நொறுக்கிப் பிளவுக்குள் போட்டேன். உப்பைக் கம்பியைச் சுற்றி வட்டமாகப் போட்டேன். ஈரக் கரிசலில் ஷூவோடு நின்றால் பிறகு அதைக் கழுவ அரைநாள் ஆகும் என்பதால் ஓரமாகக் கழற்றிவைத்தேன். தலைக்குக் குளித்திருந்ததால் முடியை விரித்துப் போட்டிருந்தேன்.

இப்போது இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை. தினமும் காலையில் அப்படியே செய்தேன். புது கார்டுகளை மாட்டினேன். கருகவில்லை.

நாலைந்து நாளில் கனகா சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளி திறக்குமுன் பாட்டுக்குழுப் பயிற்சிக்கென்று அவள் தினமும் போய்வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ ஸ்கூல் பின்னாடி என்ன பண்ணுற?"

"எர்த்துக்குத் தண்ணி ஊத்துதேன். ஏன்?"

"எல்லாரும் பாத்திருக்காங்க. ஜென்னாவோட அம்மா கார்லேர்ந்து பாத்தாங்களாம். நீ வெறுங்கால்ல நின்னு ஏதோ மந்திரம் பண்ணுறியாம். தரையில வெள்ளையா வட்டம் போட்டிருக்கியாம். ப்ளீஸ்மா, நிறுத்திரு."

"மந்திரமா? அது உப்புட்டி."

"எனக்குத் தெரியும் உப்புன்னு. அவங்களுக்குத் தெரியாதுல்ல? நாளைக்கு நான் அங்கதான படிக்கணும்?"

அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதில் மற்ற பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு என்ன ஆசை இருக்கும்? ஆனாலும் நிறுத்துகிறேன் என்று சொல்லவில்லை. நிறுத்தினால் கார்டு கருகும், கருகினால் இந்த ஊரிலேயே நாங்கள் இருக்க முடியாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

5

புகார் எழுத்தில் வந்துவிட்டது. அரசுப் பள்ளி வளாகத்தில் ஊழியர் ஒருவர் மதச் சடங்கு செய்கிறார். நம் ஊர் ஆபீசில் ஆயுத பூசை போடுகிற மாதிரி இல்லை, இங்கே அரசுப் பள்ளியில் அதற்குத் தடை. என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் ஊழியர் விவகாரம் பார்க்கிற அம்மாவும் பள்ளி முதல்வர் மிசஸ் ஹாலோவேயும். ரெண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அது இன்னும் பயமாக இருந்தது.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். பயத்தில் என் இங்கிலீஷ் காலை வாரியது. எர்த் என்பதற்கு இங்கே 'கிரவுண்ட்' என்று சொல்வார்கள். அது தெரிந்தும் பதற்றத்தில் "பூமிக்குத் தாகம், அதற்குத் தண்ணீர் கொடுத்தேன்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவைத்தேன். முதல்வர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். இரண்டே வாக்கியம். நான் செய்ததில் மத நோக்கம் எதுவும் இல்லை. இனி அதைச் செய்ய மாட்டேன். கீழே கையெழுத்து.

"இதில் கையெழுத்துப் போட்டால் விஷயம் இத்தோடு முடிந்தது" என்றார்.

"இரண்டாவது வாக்கியத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. தண்ணீர் ஊற்றாவிட்டால் அந்த அறை திங்கட்கிழமை ஓடாது."

"உங்கள் ஒப்பந்தம் இந்த வாரம்தான் பரிசீலனைக்கு வருகிறது, தெரியுமில்லையா?"

"தெரியும்."

"வெள்ளிக்கிழமை வரை யோசியுங்கள்."

வேனில் வந்து உட்கார்ந்து வெள்ளிக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். இருந்தாலும் மறுநாள் காலையில் குடத்தோடு போய் நின்றேன். முடியை மட்டும் முடிந்துகொண்டேன்.

6

அன்று சாயங்காலம் புதூர்ப் பக்கம் இருக்கிற என் அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது. அண்ணன் ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். நான் அழாமல் சொல்லி முடிப்பதற்குள் போன் கார்டில் பாதி நேரம் ஓடிவிட்டது.

"மண்ணுக்குத் தண்ணி ஊத்துனதுக்கா வேலைய விட்டுத் தூக்குதாங்க?" என்றான். "அங்கன மழ தண்ணி கெடையாதா?"

"இல்லண்ணே. காஞ்சு போய்க் கெடக்கு."

"என்ன மண்ணு?"

"கரிசதான்."

ஆடு கத்துவது கேட்டது.

"ஏட்டி, நீ ஒருத்தியாப் போயி கொடத்தோட நிண்ணா பாக்குறவன் பூசைன்னுதான் சொல்லுவான். இங்கன நீ செஞ்சாலும் அப்பிடித்தான் சொல்லுவாவ. நாலு பேரு சேந்து ஊத்துனா வேலைன்னு சொல்லிட்டுப் போயிருவாவ. அங்கன உங்கூட யாரும் இல்லையா?"

இருக்கிறார்களா என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. வந்ததிலிருந்து எல்லாவற்றையும் தனியாகத்தான் செய்துகொண்டிருந்தேன். யாரையாவது கேட்டால் எனக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். நான் சொல்வதை இவர்களா புரிந்துகொள்ளப் போகிறார்கள் என்ற திமிர் இன்னொரு பக்கம். போனை வைத்த பிறகு அதை நினைத்து வெகுநேரம் அடுக்களையில் நின்றிருந்தேன்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் பராமரிப்புப் பிரிவுக்கு நேரில் போனேன். அங்கே எலக்ட்ரீஷியன் ரே என்று ஒருவர். உடம்பு பெருத்த, எதற்கும் அவசரப்படாத மனிதர். கோரிக்கை எதுவும் கொடுக்கவில்லை. "என்னோடு வந்து எர்த் எப்படி இருக்கிறது என்று மீட்டரை வைத்துப் பாருங்கள். நான் சொல்வது தப்பென்றால் இன்றோடு நிறுத்திவிடுகிறேன்" என்றேன். பின்கட்டட வகுப்பு ஆசிரியை டோராவிடமும் சொன்னேன். அவர் தானாகவே வந்து பக்கத்தில் நின்றார்.

அன்று காலை நான் இன்னும் ஊற்றியிருக்கவில்லை. ரே மீட்டரை வைத்துப் பார்த்தார். பிறகு என்னை ஊற்றச் சொன்னார். மண் இழுக்கும்வரை நின்றோம். திரும்பவும் வைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நீங்கள் சொல்வது சரிதான். ஊற்றுவதற்கு முன்னால் கம்பி மண்ணைத் தொடவே இல்லை" என்றார். உடனே விரலை நீட்டி அடுத்ததைச் சொன்னார். "ஆனால் இந்த உப்பு கம்பியைத் தின்றுவிடும். ரெண்டு வருஷத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதைவிட மோசம், எர்த் போன இடத்தில் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறீர்கள். என் ஆள் யாராவது இப்படி நின்றிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

அவர் சொன்ன இரண்டும் சரி. ஊரில் யாரும் அதை யோசித்ததில்லை. உப்பை அப்போதே வாரி எடுத்தேன். ஷூவைப் போட்டுக்கொண்டேன்.

ரே தன் வண்டியிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் குழாய்ச் சுருளைக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் பொடித் துளை. தண்ணீரைத் திறந்துவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கசியும். அதைக் கம்பியைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தபோது, கூட்டமாக நிற்கிறார்களே என்று மிசஸ் ஹாலோவே வந்துவிட்டார். குழாயைப் பார்த்தார்.

"என் வீட்டைச் சுற்றியும் இதுதான் ஓடுகிறது" என்றார் மெதுவாக. இந்த ஊரில் நிறைய வீட்டில் உண்டு. கோடையில் மண் சுருங்கி அஸ்திவாரம் விரிசல் விடாமல் இருக்க வீட்டைச் சுற்றி மண்ணை நனைப்பார்கள்.

"ஏன் மேடம் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மண் காய்ந்தால் வீடு உடையும்."

"உங்களைப் பார்த்து யாராவது புகார் கொடுத்தார்களா?"

அவர் முகம் சிவந்தது. டோரா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முதல்வர் குழாயைக் காட்டிக் கேட்டார், "தினமும் யார் திறக்க வேண்டும்?" நான் வாயைத் திறப்பதற்குள் டோரா முறை போட்டுவிட்டார். திங்களுக்கு டோரா, செவ்வாய்க்கு ரேயின் ஆள், புதனுக்கு நான், மீதி நாளுக்குத் துப்புரவு ஊழியர்கள். முதல்வர் அந்தப் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அன்று முதல் அது வேலை.

7

வெள்ளிக்கிழமை திரும்பவும் அந்த மேசை. ஊழியர் விவகார அம்மா அதே தாளை எடுத்தார். இரண்டாவது வாக்கியத்தைப் பேனாவால் அடித்திருந்தார். "முதல் வாக்கியம் மட்டும்தான். மத நோக்கம் இல்லை என்று. இதில் உங்களுக்குக் கஷ்டம் இருக்காது" என்றார்.

பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். எழுத வரவில்லை. வைத்துவிட்டேன்.

"நான் என்ன செய்தேன் என்பதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன். மீட்டரில் என்ன காட்டியது என்பதற்கும் போடுகிறேன். செய்யும்போது என் மனதில் என்ன இருந்தது என்பதற்குப் போட மாட்டேன். ரேயும்தான் அதே தண்ணீருக்குக் குழாய் போட்டார். அவரிடம் இந்தத் தாளைக் கொடுத்தீர்களா?"

அவர் பேனாவைத் திரும்ப எடுத்து மூடினார். பிறகு தாளைக் கையெழுத்தில்லாமலேயே கோப்புக்குள் வைத்தார். வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். திங்கட்கிழமை பள்ளி திறந்தது. பின்கட்டடத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஓடின. புதன்கிழமை என் மேலதிகாரி கூப்பிட்டு ஒப்பந்தத்தை இன்னொரு வருஷத்துக்கு நீட்டித்த கடிதத்தைக் கொடுத்தார். அதில் பாராட்டு ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியிருக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் கனகாவைக் கூட்டிக்கொண்டு காரில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் வேலை, விசா, தாள், எதையும் மறைக்கவில்லை. முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று அவள் கோபித்துக்கொண்டாள். சிக்னலில் நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பொய் சொல்லாம சொல்லு. தண்ணி ஊத்தும்போது நீ சாமி கும்பிட்டியா, இல்லையா?"

"கும்பிட்டேன்."

"நெஜமாவா? என்ன கேட்ட?"

"இந்த வேலை போயிறக் கூடாதுன்னு கேட்டேன். உன்னைய அந்த ஸ்கூல்ல இருந்து எடுக்க வேண்டி வந்திறக் கூடாதுன்னு கேட்டேன்."

பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகு கேட்டாள்.

"அப்போ அவங்க சொன்னதும் கொஞ்சம் கரெக்ட்தான? ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"தண்ணி ஊத்துனது ஆபீஸ் வேலை. அதக் கேட்டா சொல்லலாம். சாமிகிட்ட கேட்டது உனக்காக. அத எதுக்கு நான் அந்த அம்மாகிட்டச் சொல்லணும்?"

கனகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வரும்வரை திரும்பவே இல்லை. அவள் அழுகிறாள் என்று தெரிந்ததால் நானும் ஒன்றும் கேட்காமல் வண்டியை ஓட்டினேன்.